பட்டன் வைத்த துஆப் புத்தகம்

கோயம்புத்தூர் அச்சகத்திலிருந்து போன் வந்தால் முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான். “அவுட்லைன் போட்டுட்டீங்களா?” நலம் விசாரிப்பெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர்கள் மேல் குற்றமில்லை. மாநில எல்லை தாண்டி எலப்புள்ளியில் என் கடைக் கம்ப்யூட்டரில் இருக்கிற தமிழ் எழுத்துரு அவர்கள் கம்ப்யூட்டரில் இருக்காது. அப்படியே அனுப்பினால் கல்யாணப் பத்திரிகையில் மணமகன் பெயர் வர வேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்தும் காலிக் கட்டமுமாக வந்து நிற்கும். அதனால் பக்கம் அமைத்து முடித்ததும் எல்லா எழுத்துகளையும் ஒன்றாகப் பிடித்து, ஒரே கட்டளையில் கோடுகளாக மாற்றிவிடுவோம். அதன் பிறகு அது எழுத்து அல்ல, எழுத்தின் படம். எந்த ஊருக்குப் போனாலும் உடையாது. தொழுகையை ஸலாம் கொடுத்து முடிப்பதுபோல, எந்த வேலையையும் அவுட்லைன் போட்டு முடிப்பது என் வழக்கம். இத்தனை வருசமாக யோசித்துச் செய்ததில்லை. கை தானாகப் போகும்.

பத்தாம் வகுப்போடு நின்றவன் நான். டைப்ரைட்டிங் பழகி, அதிலிருந்து கம்ப்யூட்டருக்கு வந்தேன். கஞ்சிக்கோடு ரோட்டில் ஒற்றை ஷட்டர் கடை. கல்யாணம், மரணம், கடை திறப்பு, யூனியன் நோட்டீஸ் என்று மலையாளத்திலும் தமிழிலும் வருகிற வேலையைச் செய்து குடும்பம் நடத்துகிறேன். அல்லாஹ் குறை வைக்கவில்லை. உடம்புதான் இப்போது அலுத்துக்கொள்கிறது. உச்சிவெயிலில் கணவாய்க் காற்று ஷட்டரைத் தட்டும்போது, திரையைப் பார்க்கிற கண் தானாக மூடிக்கொள்ளும்.

ஒவ்வொரு வருசமும் நோன்புக்கு முன்னால் எங்கள் பள்ளிவாசல் மகல்லு கமிட்டி ஒரு துஆப் புத்தகம் அச்சடித்து வீடுவீடாகக் கொடுக்கும். காலையிலும் மாலையிலும் ஓத வேண்டிய துஆப் பிரார்த்தனைகள் அரபியில் இருக்கும், கீழே தமிழில் அர்த்தம் இருக்கும். பக்கம் அமைப்பது நான்தான். போன வருசம் நோன்புக்கு முன் கமிட்டிச் செக்ரட்டரி கடைக்கு வந்து ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். வளைகுடாவில் ஒரு விளம்பர ஆபீஸில் வண்டி ஓட்டியவர். பின்னால் நின்று பார்த்தே பாதி வேலையைக் கற்றுக்கொண்டதாகச் சொல்வார்.

“அண்ணே, இந்த வருசம் அச்சு வேண்டாம்னு தீர்மானமுங்க. லிங்க்கா விட்டுருவோம். கையில தொட்டாப் பக்கம் பொரளோணும். பட்டனத் தொட்டா நம்ம பள்ளி இமாம் ஹஜ்ரத் ஓதறது கேக்கோணும்.”

“எனக்கு அச்சு வேலைதானுங்க தெரியும்.”

“அதே சாப்ட்வேர்தானுங்களே? எக்ஸ்போர்ட்னு போனா இன்டராக்டிவ்னு ஒண்ணு இருக்குது. நீங்க ஒரு நாளாச்சும் அதைத் தொட்டிருப்பீங்களா?”

தொட்டதில்லை. எக்ஸ்போர்ட் பெட்டியில் ‘பிரிண்ட்’ என்ற வரிக்குப் பக்கத்திலேயே அது எத்தனையோ வருசமாக உட்கார்ந்திருந்தது. எனக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை இல்லை, அவ்வளவுதான். சரி என்றேன். மறுக்கிற தெம்பும் இல்லை. அல்லாஹ்வுடைய வேலை, மறுக்கக் கூடாது என்றும் இருந்தது.

வீட்டில் சொன்னபோது என் மனைவி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கை நின்றது.

“ஏனுங்க, போன்ல வந்தா அது எனக்கும் கேக்குமுங்களா?”

சர்க்கரை அவள் கண்ணின் பின்பக்கத்தைக் கெடுத்துவிட்டது. ஊசி போட்டோம், லேசர் வைத்தோம். இப்போது அவளுக்கு வெளிச்சம் தெரியும், ஆள் வந்தால் நிழல் தெரியும். எழுத்து தெரியாது. கம்பம்மெட்டில் ஏலக்காய் வியாபாரக் குடும்பத்தில் வாழ்க்கைப்பட்ட எங்கள் மகள், ஒருமுறை வந்திருந்தபோது அம்மாவின் போனில் எதைத் தொட்டாலும் வாசித்துச் சொல்கிற வசதியைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள். அன்றிலிருந்து அந்தக் குரல் எங்கள் வீட்டில் ஒரு ஆள். “உள்ள இருக்கற புள்ள” என்றுதான் இவள் சொல்வாள். மகள் அனுப்புகிற செய்தியை அந்தப் பிள்ளை கலியாணத்துக்கும் சாவுக்கும் ஒரே மாதிரிக் குரலில் வாசிக்கும். “நல்ல புள்ள, அழுகவும் மாட்டா, சிரிக்கவும் மாட்டா” என்பாள்.

அரபியில் துஆக்கள் என் மனைவிக்கு மனப்பாடம். சிறுவயதில் மதரஸாவில் ஓதியது கண் போனாலும் போகாது. அவளுக்கு வேண்டியது அர்த்தம். விடியலில் சுபுஹு தொழுதுவிட்டு முஸல்லா விரிப்பிலேயே உட்கார்ந்து, துஆவை ஓதி, அதன் அர்த்தத்தைத் தமிழில் ஒரு தடவை படித்துவிட்டு எழுந்தால்தான் அவளுக்குத் திருப்தி. “என்ன கேட்டேன்னு எனக்குத் தெரியோணுமில்ல” என்பாள். கண் போன பிறகு அதை நான் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அதில்தான் எங்களுக்குள் சண்டை. “நீங்க கெடிகாரத்தப் பாத்துக்கிட்டே படிக்கறீங்க” என்பாள். எல்லா இடத்திலும் அப்படி இல்லை. உடம்புக்கு நலம் கேட்டு, காதுக்கு நலம் கேட்டு, பிறகு பார்வைக்கு நலம் கேட்கிற துஆ ஒன்று உண்டு. அந்த இடத்தில் நின்றால் அழுதுவிடுவேன் என்று வேகமாகக் கடந்துபோவேன். அவளுக்கு அது கடைக்கு நேரமானவன் ஓட்டமாகத்தான் கேட்டது. நானும் விளக்கவில்லை.

“உனக்கும் கேக்கும்” என்றேன். ஹஜ்ரத்தின் குரல் வரும் என்பது எனக்குத் தெரியும். அர்த்தத்தை அந்தப் பிள்ளை வாசிக்கும் என்று நானாக நினைத்துக்கொண்டேன்.

வேலை ஆரம்பித்தது. ஹஜ்ரத் பள்ளிவாசல் அறையில் மின்விசிறியை நிறுத்திவிட்டு, வேர்க்க வேர்க்க ஒவ்வொரு துஆவாகப் போனில் ஓதிப் பதிவு செய்து கொடுத்தார். ஒவ்வொன்றையும் பக்கத்தில் ஏற்றி, அதன்மேல் பச்சை நிறத்தில் ஒரு பட்டன் வரைந்து, தொட்டால் குரல் வருகிற மாதிரி இணைத்தேன். கடைக் கம்ப்யூட்டரில் தொட்டுப் பார்த்தேன். ஓதியது. ‘இன்டராக்டிவ்’ வரியைப் பிஸ்மி சொல்லி அழுத்தி, பிடிஎஃப்பாக எடுத்துக் கமிட்டி குரூப்பில் போட்டேன்.

சாயங்காலம் அஸர் தொழுகைக்குள் பதில்கள் வந்துவிட்டன. பக்கம் தெரிகிறது, பட்டன் தெரிகிறது, தொட்டால் ஒன்றுமில்லை. செக்ரட்டரி நேரிலேயே வந்துவிட்டார்.

“அண்ணே, பட்டன் சட்டையில இருக்கற பட்டனாட்டம் இருக்குதுங்க. அழகாத்தான் இருக்குது, பேச மாட்டீங்குது.”

தேடிப் படித்ததில் விசயம் புரிந்தது. அந்த வகைப் பிடிஎஃப் கம்ப்யூட்டரில் உயிரோடு இருக்கும். போனில் பெரும்பாலும் பட்டன் செத்துவிடும். போனுக்கு வேண்டுமென்றால் வெப் பக்கமாக எக்ஸ்போர்ட் செய்ய வேண்டும். அது வேறு வழி. அதிலும் ஒரு தடுமாற்றம். நம் துஆப் புத்தகம் அரபிப் புத்தகம்போல வலது பக்கம் திறப்பது. வெப்பில் அது இடது பக்கம் திறந்து கடைசிப் பக்கத்தை முதலில் காட்டியது. அந்த அமைப்பை மாற்றத் தெரிந்துகொள்ளவே இரண்டு நாள் மத்தியான லுஹர் தொழுகைக்குப் பள்ளி ஜமாஅத்தைத் தவற விட்டேன். அந்த வருத்தம் தனி.

ஒருவழியாக லிங்க் தயாரானது. தொட்டால் பக்கம் புரண்டது. பட்டன் பேசியது. ஜும்ஆ முடிந்ததும் பள்ளியில் அறிவித்தார்கள். வாசலில் செருப்புப் போடுகிற இடத்திலேயே ஆளாளுக்குத் தட்டிப் பார்க்க, ஹஜ்ரத்தின் குரல் பல போன்களில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கேட்டது. ஹஜ்ரத் வெட்கப்பட்டு வேறு வாசல் வழியாகப் போய்விட்டார். எனக்குத் தோளில் கைகள் விழுந்தன. சந்தோசமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்து, சோறுகூடக் கேட்காமல், லிங்க்கைத் திறந்து அவள் கையில் போனைக் கொடுத்தேன். அவள் முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு விரலை வைத்தாள்.

“பட்டன்” என்றது அந்தப் பிள்ளை.

விரலை நகர்த்தினாள். “படம்.” இன்னும் நகர்த்தினாள். “படம். படம். பட்டன்.” அடுத்த பக்கம். “படம்.”

“என்னங்க இது, ஆல்பமுங்களா? கலியாண போட்டோவாட்டம் படம் படம்ங்கறா. எழுத்தே இல்லீங்களா இதுல?”

இருந்த சந்தோசம் அங்கேயே வடிந்தது. எழுத்து இல்லைதான். எக்ஸ்போர்ட் செய்வதற்கு முன்னால் பழக்கத்தில் என் கை போய் எல்லாவற்றையும் அவுட்லைன் போட்டிருக்கிறது. கண் உள்ளவர்களுக்கு அது எழுத்து. போனுக்கு அது கோடு.

“நாளைக்குச் சரி பண்ணிர்றேன். மாத்தாத காப்பி வச்சிருக்கேன்” என்றேன்.

மறுநாள் மாற்றாத காப்பியை எடுத்து, அவுட்லைன் போடாமல் எக்ஸ்போர்ட் செய்து, மத்தியானம் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவள் விரல் வைத்தாள். அந்தப் பிள்ளை மூச்சு விடாமல் ஆரம்பித்தது. ஆங்கில எழுத்துகள், கமா, செமிகோலன், மறுபடி ஆங்கில எழுத்துகள், டாலர்.

என் மனைவி கொஞ்ச நேரம் கேட்டாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கு வரவில்லை. “ஏனுங்க, அந்தப் புள்ளைக்கு ஜின்னு புடிச்சிருச்சுங்க. ஹஜ்ரத்தக் கூட்டிட்டு வந்து ஓதிப் பாருங்க.”

ஜின் இல்லை. நான் பழகிய தமிழ் எழுத்துரு பழைய காலத்தது. திரையில் ‘அ’ என்று தெரியும், உள்ளே ஏதோ ஒரு ஆங்கில எழுத்து இருக்கும். ஆங்கிலச் சாவிகளுக்குத் தமிழ் வேசம் போட்டதுதான் அந்த எழுத்துரு. அச்சில் அது போதும், மை வேசத்தை மட்டும்தான் காட்டும். இந்தப் பிள்ளை வேசத்தைப் பார்க்காமல் உள்ளே இருப்பதை வாசித்துவிட்டது. போன் வாசிக்க வேண்டுமென்றால் முழுப் புத்தகத்தையும் யூனிகோடு எழுத்துக்கு மாற்ற வேண்டும்.

சாயங்காலம் செக்ரட்டரி வீட்டுக்கு வந்தார். லிங்க்கின் முகப்பில் கமிட்டித் தலைவர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா என்று கேட்கத்தான் வந்தார். நான் எழுத்து மாற்றுகிற விசயத்தைச் சொன்னேன். கேட்டவர் தலையில் கை வைத்தார்.

“அண்ணே, நோன்புப் பெறை பாக்கற நேரத்துல இது என்னத்துக்குங்க? எல்லார்த்துக்கும் நல்லாத்தான தெரியுது? அந்த யூனிகோடு எழுத்து கவர்மென்ட் நோட்டீசாட்டம் இருக்குமுங்க. இப்ப இருக்கறது எத்தனை லட்சணமா இருக்குது!”

அவர் சொன்னதும் பொய்யில்லை. என்னிடம் இருந்த யூனிகோடு எழுத்துருக்களில் அந்தப் பழைய எழுத்தின் வளைவு எதிலும் இல்லை. எனக்கும் கை ஓய்ந்து போயிருந்தது. விட்டுவிடலாம் என்றே இருந்தது. இவளுக்கு நான்தான் படித்துச் சொல்கிறேனே.

அடுக்களையிலிருந்து டீ கொண்டுவந்த இவள், டம்ளரை அவர் நிழல் பார்த்து நீட்டினாள்.

“தம்பி, உங்க ஊட்டுல புள்ளைக தமிழ் பேசுமா?”

“பேசாம? ஊட்டுல தமிழ்தானுங்க அக்கா.”

“அந்த லட்சணமான எழுத்தப் படிக்குமா?”

அவர் டீயை ஊதினார். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் மலையாளப் பள்ளிக்கூடத்திலோ இங்கிலீஷ் பள்ளிக்கூடத்திலோதான் படிக்கிறார்கள். வீட்டில் நாள் முழுக்கத் தமிழில் சண்டை போடுவார்கள். தமிழ் எழுத்தைக் காட்டினால் கோலத்தைப் பார்ப்பதுபோல் பார்ப்பார்கள்.

“அதுகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாதுங்க அக்கா. உங்களுக்குத் தெரியாததா?”

“அப்ப என்னையும் உங்க புள்ளைகளையும் ஒரே வரிசையில உக்கார வச்சுக்குங்க. கண்ணு இருந்தும் அவீங்களுக்கு அது படம், கண்ணு இல்லாம எனக்கும் படம். போன் படிச்சுச் சொன்னா ரெண்டு பேருமே கேட்டுக்குவோமில்ல?”

செக்ரட்டரி என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். எனக்கே இது தோன்றவில்லை.

“பெறைக்குள்ள முடியுமுங்களா அண்ணே?” என்று மட்டும் கேட்டார். கமிட்டியில் சொல்லிக்கொள்வதாகச் சொன்னார். போகும்போது வாசலில் நின்று, “தலைவர் படத்த மறந்துறாதீங்க” என்றார்.

அதன் பிறகு நடந்ததை உழைப்பு என்று சொல்வதா, தண்டனை என்று சொல்வதா தெரியவில்லை. பழைய எழுத்தை யூனிகோடாக மாற்றித் தருகிற வசதி இணையத்தில் இருக்கிறது. ஒட்டினால் மாற்றித் தரும். ஆனால் ஹ, ஸ, ஜ, ஷ எல்லாம் என் எழுத்துருவில் மூலைமுடுக்கில் இருக்கிற சாவிகளில் இருந்தவை. அவை மட்டும் மாறாமல் கேள்விக்குறியாகக் கொட்டின. துஆப் புத்தகத்தில் அந்த எழுத்துகள் இல்லாத வரி ஏது? ரஹ்மத்துக்கு ஒரு கேள்விக்குறி, ஸலவாத்துக்கு ஒரு கேள்விக்குறி. அல்லாஹ் என்ற பெயரிலேயே ஒரு கேள்விக்குறி. அதைப் பார்த்ததும் அஸ்தக்ஃபிருல்லாஹ் சொல்லிவிட்டு, முதலில் எல்லாப் பக்கத்திலும் அந்த ஒரு பெயரை மட்டும் தேடித் தேடிச் சரி செய்தேன். மற்றதெல்லாம் பிறகுதான்.

சரி செய்ததை மென்பொருளில் ஒட்டினால் கொம்பும் காலும் இடம் மாறி நின்றன. இந்திய எழுத்துகளுக்கென்று பத்தி அமைப்பைத் தனியாக மாற்றி வைக்க வேண்டும் என்று அப்புறம் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகைக்கு வந்தவர்களை நாளைக்கு வாங்க, நாளைக்கு வாங்க என்று திருப்பி அனுப்பினேன். முதுகு பலகையாகிவிட்டது. லுஹர் தொழுகையில் நெற்றியைத் தரையில் வைத்த ஸஜ்தாவிலிருந்து எழ மனமில்லாமல் அப்படியே கிடந்த நாளும் உண்டு. பக்திதான் என்று மற்றவர்கள் நினைத்திருப்பார்கள். பாதி அலுப்பு.

மத்தியானச் சோற்றுக்கு வரும்போதெல்லாம் புது லிங்க்கை இவளிடம் கொடுப்பேன். பரீட்சைத் தாள் திருத்துகிற டீச்சர் மாதிரி விரலை வைத்துக் கேட்பாள்.

“மொதல்ல பக்க நம்பரச் சொல்றா. அப்பறம் அர்த்தம். அதுக்கு அப்பறந்தான் துஆ. அர்த்தத்தக் கேட்டு முடிச்சப்பறமா துஆ கேக்க ஆரம்பிக்கறது?”

எந்தப் பெட்டியை நான் முதலில் வரைந்தேனோ அந்த வரிசையில் போன் வாசித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் மேலே இருப்பதுதான் முதலில் வரும் என்பது கண்ணின் எண்ணம். வாசிக்கிற வரிசையை நாம் தனியாக எழுதிக் கொடுக்க வேண்டும். ஒவ்வொரு பக்கத்துக்கும் கொடுத்தேன்.

“ஓரத்துல பூ இருக்குதுங்களா? பூவுக்குப் பூவு படம், படம்ங்கறா. எனக்கு எதுக்குங்க பூவு?”

பூவெல்லாம் வெறும் அலங்காரம், வாசிக்க வேண்டாம் என்று குறித்தேன்.

“பட்டன்னு சொன்னா எந்த பட்டன்னு எனக்கு எப்பிடித் தெரியும்?”

ஒவ்வொரு பட்டனுக்கும் பேர் வைத்தேன். ‘தூங்கி எழும்போது, ஹஜ்ரத் ஓதுவது.’ ‘வீட்டைவிட்டுப் புறப்படும்போது, ஹஜ்ரத் ஓதுவது.’ அதைக் கேட்டுவிட்டு, “ஹஜ்ரத் பாவம், நம்ம எந்திரிக்கும்போதும் நிக்கறாரு, பொறப்படும்போதும் நிக்கறாரு” என்றாள். அவளோடு சேர்ந்து அன்றைக்கு நானும் சிரித்தேன்.

பிறைக்கு முந்தைய நாள் முடிந்தது. எழுத்தின் அழகு குறைந்ததைச் சிலர் சொன்னார்கள். செக்ரட்டரியே, “இப்பிடித்தானுங்க இப்பெல்லாம்” என்று அவர்களுக்குப் பதில் சொன்னார். அவர் வீட்டில் பிள்ளைகள் அதைத் தொட்டுக் கேட்டார்களா என்று நான் விசாரிக்கவில்லை. தலைவர் படம் பெரிதாகத்தான் இருந்தது.

அடுத்த நாள் சுபுஹு. வழக்கம்போல் புத்தகத்தை எடுக்கப் போனேன். “நீங்க உக்காருங்க” என்றாள். முஸல்லாவில் போனை முன்னால் வைத்து, தானே அரபியில் ஓதினாள். பிறகு விரலை நகர்த்தினாள். அந்தப் பிள்ளை அர்த்தத்தை வாசித்தது. கடைசிச் சொல்லை மென்று முழுங்கியது, அதுவும் ஏற்ற இறக்கமே இல்லாமல். ஆனால் வரி தெளிவாக இருந்தது. வேண்டிய இடத்தில் இவள் விரலை எடுத்தாள். மறுபடி வைத்து, அதே வரியைத் திரும்பக் கேட்டாள். நான் அப்படித் திரும்பப் படித்ததே இல்லை. அவளும் கேட்டதில்லை. மனுசனிடம் கேட்கக் கூச்சம்.

நான் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். செய்ய ஒன்றும் இல்லை. இத்தனை நாள் அலுப்பும் அப்போதுதான் மொத்தமாக உடம்பில் இறங்கியது. வேலைக்காரன் இல்லாத வீட்டில் வேலைக்காரனாக இருந்து, இப்போது அந்த வேலையும் போன மாதிரி ஒரு வெறுமை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்ல வேண்டிய நேரத்தில் மனசு இப்படியும் போகிறதே என்று என்னையே கடிந்துகொண்டேன்.

அந்த துஆ வந்தது. உடம்புக்கு, காதுக்கு. அந்தப் பிள்ளை குரல் நடுங்காமல், ஓடாமல், பார்வைக்கும் நலம் கேட்டு முடித்தது. இவள் விரலை எடுத்துவிட்டாள். அடுத்ததுக்குப் போகவில்லை. மறுபடி வைக்கவும் இல்லை.

“ஏனுங்க.”

“ம்.”

“இந்தப் புள்ள ஆமீன் சொல்ல மாட்டீங்கறா.”

புத்தகத்தில் அந்தச் சொல்லை நான் அடித்திருக்கவில்லை. அச்சுப் புத்தகத்திலும் எந்த வருசமும் போட்டதில்லை. படிக்கிறவர்கள் தாங்களே சொல்லிக்கொள்வார்கள் என்று விட்டுவிடுவோம்.

“மத்தியானம் சேத்தர்றேன். எல்லாப் பக்கத்துலயும் ஒரு வார்த்தைதான” என்றேன்.

“வேண்டாமுங்க. அதை அவ சொல்லி என்ன ஆகுது? நீங்க சொல்லுங்க.”

நான் வாயைத் திறந்தேன். வேகமாகச் சொல்லிவிட்டு எழுந்துவிடலாம் என்று பார்த்தேன்.

அவள் என் நிழல் இருந்த பக்கம் திரும்பினாள். “கெடிகாரத்தப் பாக்காமச் சொல்லுங்க.”